வெறும்பாடமும் தொடுப்புக் குறியும்: உரைமரபு, கணனி எழுத்து, உடைமை பற்றிய ஒரு நோக்கு

கணனியில் எழுதப்படும் ஆவணமொன்றிலே ஓரிடத்தை இன்னோரிடத்துடன் தொடுப்பதற்கும், ஒரு சொல்லுக்கோ தொடருக்கோ குறிப்பு எழுதுவதற்கும் எத்தகைய குறியீட்டு முறை பொருந்தும் என்ற வினா, பொறியியலாளருக்கே உரியதென நம்மிடையே பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ்த் துறைகளிலே பயில்வோர், அச்சிட்ட நூலைத் தட்டெழுதிக் கோப்பாக்குவதோடு தமது கடமை முடிந்ததென அமைதியடைகின்றனர். எழுதப்பட்ட ஒன்றின்மீது எழுதுதல், எழுதப்பட்ட ஒன்றை வேறொன்றுடன் பொருத்திக் காட்டுதல் ஆகிய இரண்டுமே உரையாசிரியர்களின் தொழிலாக இருந்தன என்பதை நினைவுகூர்ந்தால், இந்த அமைதி எத்துணை பொருத்தமற்றது என்பது புலனாகும். குறியீட்டு முறையொன்றை வகுப்பவர், எது மூலம், எது குறிப்பு, எது முதன்மையானது, எது புறத்தே நிற்கவேண்டியது என்பவற்றையும் உடன் வகுத்துவிடுகிறார். அவ்வகையிலே அது இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் வரும் பொருளேயாகும்.

முதலிலே சொல்லாட்சி பற்றி ஒரு வார்த்தை. எழுத்தும் இடைவெளியும் வரிமுறிவும் தவிர வேறெதுவும் இல்லாத கோப்பை 'வெற்றுரை' என்றும் 'எளிய உரை' என்றும் வழங்குகின்றனர். 'உரை' என்பது தமிழிலே மூலத்தின்மேல் எழுந்த விளக்கத்தைக் குறிக்கும் சொல்லாகப் பன்னூற்றாண்டுகள் நின்றுவிட்டது. மூலத்துக்கும் அதே சொல்லை வழங்கினால் இவ்வாய்விலே ஒரு வாக்கியங்கூடத் தெளிவாக எழுத முடியாது. மூலபாடம், பாடபேதம் என்னும் வழக்குகளைப் பின்பற்றி 'வெறும்பாடம்' என்ற சொல்லையே இங்கு ஆளுகின்றேன்.

வெறும்பாடத்தின் சிறப்பு அதன் எளிமையிலே மட்டும் தங்கியிருக்கவில்லை. அது எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சார்ந்து நிற்பதில்லை. தனியுடைமையான சொற்செயலி ஒன்றில் எழுதிய கட்டுரை, அம்மென்பொருளை விற்போன் அதனைக் கைவிடும்போது திறக்க முடியாத பெட்டியாகிவிடும். வெறும்பாடமோ எந்தக் கணனியிலும் திறக்கும். ஆயினும் வெறும்பாடத்துக்குள் தொடுப்பையும் குறிப்பையும் வைக்கவேண்டுமாயின், எழுத்துக்களுள் சிலவற்றை எழுத்தாக அன்றிக் குறியாகப் படிக்கும்படி வாசகனோடும் இயந்திரத்தோடும் ஓர் உடன்படிக்கை செய்தாக வேண்டும். அவ்வுடன்படிக்கையை யார் செய்தனர், எம்மொழியை மனத்திற்கொண்டு செய்தனர் என்பதே நமது விசாரணை.

1

குறிப்பின் இடம் என்பது வெறும் அச்சுக்கலை விவகாரம் அன்று என்பதற்கு மார்க்சிய வரலாற்றிலேயே நல்ல சான்றுண்டு. 1845-46 ஆம் ஆண்டுகளில் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய 'ஜெர்மானியக் கருத்துநிலை' கையெழுத்துப் படியின் தாள்கள் இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இடப்பத்தியிலே பெரும்பாலும் எங்கெல்சின் கையெழுத்தில் அடிப்படைப் பாடம். வலப்பத்தியிலே திருத்தங்கள், சேர்க்கைகள், மார்க்சின் குறிப்புகள். 1932 இல் வெளிவந்த பதிப்பு, ஃபொயர்பாக் பற்றிய பகுதியை முடிவுற்ற நூலொன்றின் தொடர்ச்சியான அதிகாரம் போல ஒழுங்குபடுத்தித் தந்தது. பல தலைமுறையினர் அதனையே வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தின் நிறைவுற்ற முதற் கூற்றாகப் பயின்றனர். 2017 இல் புதிய முழுப்பதிப்பு வரிசையில் வெளிவந்த தொகுதி, அவற்றைத் தனித்தனிக் கையெழுத்துப் படிகளாகவே வைத்துக் காட்டியது. இரண்டு பதிப்புகளிலும் சொற்கள் பெரிதும் அவையே. எது எதன்மீது எழுதப்பட்ட குறிப்பு என்பதைப் பாதுகாப்பதா அழிப்பதா என்பதிலேதான் வேறுபாடு. அவ்வேறுபாட்டிலிருந்து பிறந்தது நூல் ஒன்று உண்டா இல்லையா என்ற வினா.

கிராம்சியின் சிறைக் குறிப்பேடுகளுக்கு நேர்ந்தது இதற்கு மறுதலையானது. முதலிலே பொருள்வாரியாகப் பிரித்துத் தொகுக்கப்பட்ட அவை, 1975 இல் ஜெர்ரத்தானாவின் பதிப்பிலே குறிப்பேட்டு எண், பத்தி எண் என்ற முறையில் மீட்டெழுதப்பட்டன. இன்று எந்த மொழிபெயர்ப்பைப் படிப்பவரும் குறிப்பேடு 11, பத்தி 12 என்று சொன்னால் போதும், பக்க எண் வேண்டியதில்லை. தாள் மாறினாலும் மொழி மாறினாலும் மாறாத முகவரி அது.

2

இப்பொழுது வழக்கிலுள்ள தொடுப்பு முறைகளை நோக்குவோம். 1995 இல் வார்ட் கன்னிங்காம் உருவாக்கிய முதலாவது விக்கியிலே, தொடுப்புக்கெனத் தனிக் குறி எதுவும் இருக்கவில்லை. இரண்டு மூன்று சொற்களை இடைவெளியின்றி இணைத்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதினால் அதுவே தொடுப்பாகிவிடும். எழுதுவோனுக்கு இதைவிட இலகுவான முறை இருக்க முடியாது என்று அக்காலத்திலே பாராட்டினர். உலகின் எழுத்துமுறைகளிலே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு சிலவற்றுக்கே உண்டு. தமிழுக்கு இல்லை, சிங்களத்துக்கு இல்லை, அரபுக்கும் சீனத்துக்கும் இல்லை. 'எல்லோரும் எழுதக்கூடிய பக்கம்' என்ற பிரகடனத்தின் அடித்தளத்திலேயே, இலத்தீன் எழுத்துடையோர் மட்டுமே எழுதக்கூடிய தொடுப்பு இருந்தது. இது சூழ்ச்சி அன்று என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். ஆதிக்க மொழியொன்றில் வாழ்பவனுக்கு அம்மொழியின் தற்செயல் அமைப்புகள் எழுத்தின் இயல்பாகவே தோன்றும். கருத்துநிலை தொழிற்படும் முறையே அதுதான்.

2001 இல் தொடங்கிய விக்கிப்பீடியா முதலில் இம்முறையையே பின்பற்றி, அவ்வாண்டிலேயே இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்கு மாறியது. தொடுக்க வேண்டிய தலைப்பை [[ ]] என்ற குறிகளுக்குள் இடவேண்டும். பெரிய எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் வேறொன்று தலைகாட்டிற்று. ஆங்கிலத்திலே ஒருமைப் பெயரை அடைப்புக்குள் இட்டு, பன்மை விகுதியை அடைப்புக்கு வெளியே ஒட்டி எழுதலாம். மென்பொருள் இரண்டையும் சேர்த்து ஒரே தொடுப்பாகக் காட்டும். தமிழிலே [[யாழ்ப்பாணம்]] என்று எழுதிய பின் ஏழாம் வேற்றுமை உருபை எங்கே ஒட்டுவது? மகரம் கெட்டு அத்துச் சாரியை தோன்றி 'யாழ்ப்பாணத்தில்' என்றாகிவிடுகிறது. ஆகவே [[யாழ்ப்பாணம்|யாழ்ப்பாணத்தில்]] என இரு வடிவையும் எழுதியாக வேண்டும். 'நூல்' என்ற எளிய சொல்லை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். நூலில் என்ற சொல்லிலே பகுதி முடிந்து உருபு தொடங்கும் இடம் 'லி' என்ற ஓரெழுத்தின் உள்ளே கிடக்கிறது. லகர மெய் பகுதிக்குரியது, இகர உயிர் உருபுக்குரியது. அடைப்புக்குறியை அங்கே நுழைக்க இயலாது. நுழைத்தால் உயிர்க்குறி தாங்குவாரின்றி அந்தரத்தில் நிற்கும். உயிர்மெய் என்ற அமைப்பையும் புணர்ச்சி என்ற நிகழ்வையும் அறியாத குறியீட்டிலக்கணம், தமிழ் எழுதுவோனிடம் ஒவ்வொரு தொடுப்புக்கும் இரட்டை உழைப்பை வரியாக அறவிடுகிறது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவிலே தொண்டாற்றுவோர் இவ்வரியைச் செலுத்தியே எழுதி வருகின்றனர்.

இதனினும் நுண்ணிய ஓரிடமும் உண்டு. தொடுப்பின் பெயரையோ குறிப்பின் பெயரையோ அடையாளம் காண, இயந்திரம் 'சொல்லெழுத்து' எது என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கும். பைத்தன் மொழியோடு வரும் வழக்கமான தேடற் கோவை முறையிலே அவ்வரையறை தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் உள்ளடக்குவதில்லை. 'தமிழ்' என்று எழுதினால் தகரமும் மகரமும் எழுத்து. இகரக் குறி எழுத்தன்று. சொல் அங்கே முறிந்துவிடும். ஒருங்குறி அமைப்பின் பரிந்துரையோ இத்தகைய குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்ளவேண்டும் என்பதே. பரிந்துரை இருந்தும் நடைமுறை பின்தங்கி நிற்கிறது. அம்மொழியிலேயே எழுதப்பட்டதும், டேவிட் குட்ஜர் வகுத்ததுமான மறுகட்டமைப்புப் பாடமுறை, அடிக்குறிப்பு, மேற்கோட்குறிப்பு, பயன்படுத்துவோன் தானே வகுக்கக்கூடிய பொருட்குறி ஆகிய யாவற்றையும் கொண்ட வளமான முறை. வெறும்பாட முறைகளுள் ஆய்வாளனுக்கு மிக நெருக்கமானது அதுவே என்பது என் கருத்து. அதிலுங்கூடச் சுருக்கமான தொடுப்புப் பெயர்களைத் தமிழில் இட முயல்பவன் இத்தடையிலே இடறுகிறான்.

மார்க்டவுன் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. 2004 இல் ஜோன் குரூபர் வெளியிட்ட அம்முறை, மின்னஞ்சல் எழுதுவோர் தாமாகவே வளர்த்துக்கொண்ட வழக்குகளைத் தொகுத்தது; குறி இடப்பட்ட நிலையிலும் கோப்பு கண்ணுக்கு இனிதாகப் படிக்கத் தக்கதாக இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. அக்கொள்கை போற்றத்தக்கது. ஆனால் அம்முதல் வடிவிலே தொடுப்புக்கு இரண்டு வழிகள் இருந்தன, அடிக்குறிப்புக்கு ஒன்றுமில்லை. 2014 இல் அதனைத் தரப்படுத்த முயன்றோர் வெளியிட்ட விவரிப்பிலும் அது சேரவில்லை. பிறர் செய்த விரிவாக்கங்களிலேயே அடிக்குறிப்பு கிடைக்கிறது. வலைக்குறிப்பு எழுதுவோனின் தேவையிலிருந்து பிறந்த முறை, வெளியே சுட்டுவதைப் பேணி, கீழே நின்று விளக்குவதைப் புறக்கணித்ததில் வியப்பில்லை. விரிவாக்கங்கள் பெருகப் பெருக ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிளைமொழியில் எழுதலாயினர். நெகிழ்ச்சி என்ற பெயரால் நாம் வேண்டுவது இதுவன்று.

சதுர அடைப்புக்குறியும் உடுக்குறியும் தமிழ்ப் பக்கத்தின் அழகைக் கெடுக்கின்றன எனச் சிலர் குறைகூறுவதுண்டு. காற்புள்ளியும் வினாக்குறியும் அயலிடத்திலிருந்து வந்தவையே. அவற்றை நாவலர் தமது உரைநடையிலே ஒழுங்குபெறக் கையாண்டார். இன்று அவற்றை அந்நியமென ஒதுக்குவார் யாருமில்லை.

3

உரைமரபுக்கு வருவோம். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மீயுரை என்ற கருத்தும் எம் முன்னோர்க்குத் தெரிந்ததே என்று சொல்லிப் பெருமிதங்கொள்ளும் பழைமைவாதத்துக்கு இக்கட்டுரை துணைபோகாது. 1945 இல் வனிவர் புஷ் கற்பனை செய்ததும், 1965 இல் டெட் நெல்சன் பெயரிட்டதும் வேறு உற்பத்திச் சூழலிலே பிறந்தவை. உரையாசிரியர்கள் தம் சூழலிலே என்ன சிக்கலைத் தீர்த்தனர் என்று கேட்பதே பயன் தரும்.

தொல்காப்பிய மரபியல் கூறும் உத்திகளுள் 'மொழிவாம் என்றல்', 'கூறிற்று என்றல்' என்பன உள. முன்னே சுட்டுவதும் பின்னே சுட்டுவதும் ஆகிய இரண்டுக்கும் அவை பெயர். நன்னூல் சூத்திர நிலைகளாக ஆற்றொழுக்கு, அரிமாநோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்கு கூறும். தொடர்ச்சியாகச் செல்வது, முன்னும் பின்னும் நோக்குவது, இடையிட்டுத் தாவுவது, தொலைவிலிருந்து வேண்டியதை மட்டும் கவர்வது என்று அவை பொருள்படும். இவை தொடுப்பின் வகைகள். நூற்பாவுக்கும் நூற்பாவுக்கும் இடையே உறவு உண்டு என்பதோடு நில்லாமல், எத்தகைய உறவு என்பதையும் பெயரிட்டுக் கூறவேண்டும் என்ற உணர்வு அங்கே உண்டு. இன்றைய தொடுப்புக் குறிகளிலே மிகப் பெரும்பாலானவற்றுக்கு இவ்வுணர்வு இல்லை. ஒப்புவதற்காகச் சுட்டினாலும் மறுப்பதற்காகச் சுட்டினாலும் குறி ஒன்றே.

இக்குறைபாடு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் நோக்கவேண்டும். 1998 இல் பிரினும் பேஜும் விவரித்த தரவரிசை முறை, ஒரு பக்கத்துக்கு வரும் தொடுப்புகளை அதன் மதிப்புக்குச் சான்றாகக் கொண்டது. மதிப்புமிக்க பக்கத்திலிருந்து வருவதற்கு மதிப்பு அதிகம். ஆசிரியனும் மாணவனும் வாசகனும் தத்தம் தேவைக்காக இட்ட கோடிக்கணக்கான தொடுப்புகள், இவ்வாறு ஊதியமில்லா உழைப்பாகத் திரண்டு, விளம்பர வாணிபத்தின் மூலப்பொருளாயின. ஒரு நூலைக் கண்டித்து எழுதியவனின் தொடுப்பும் அந்நூலின் மதிப்பை உயர்த்தியது. 2005 இல் 'இத்தொடுப்பை மதிப்புக்குக் கணக்கிடாதே' என்னும் பொருளுடைய உறவுக்குறி ஒன்று அறிமுகமாயிற்று. வலைப்பக்கத் தொடுப்புகளிலே பரவலாக வழங்கிய உறவுக்குறிகளுள் இது ஒன்று. அது பிறந்தது வாதத்தின் தேவையால் அன்று, போலித் தொடுப்புகள் தரவரிசைச் சந்தையைக் கெடுத்தமையால். உறவுகளைப் பெயரிடும் வல்லமை குறியீட்டிலக்கணத்துக்கு எப்பொழுதும் இருந்தது. சந்தைக்கு வேண்டியபோது மட்டும் அது பயன்பட்டது.

உரைமரபையும் இதே கடுமையோடு நோக்கவேண்டும். உரைகாரர்கள் மறுப்புக்கென வகுத்த வாய்பாடு 'என்று உரைப்பாரும் உளர்' என்பது. மறுக்கப்படுபவரின் கருத்து அங்கே உண்டு, மறுப்பு என்ற உறவும் உண்டு, பெயர் இல்லை. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும்போது 'உரையாசிரியர்' என்ற பட்டத்தால் சுட்டுவது ஓரளவு விதிவிலக்கு. மேற்கோளிலும் இவ்வாறே. செய்யுளை முழுமையாகவோ முதற்குறிப்பாகவோ எடுத்துக் காட்டுவர். எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று பெரும்பாலும் கூறுவதில்லை. நிலமானிய சமுதாயத்திலே உரை எழுதப்பட்டது, மூலங்களை நெட்டுருப் பண்ணிய சிறு குழுவினருக்காகவே. அவர்தம் நினைவே அட்டவணை. முகவரி கூறுவது அக்குழுவினருக்குத் தேவையற்றது. குழுவுக்கு வெளியே நின்றவருக்கோ பாடமே தரப்படவில்லை. அச்சு இயந்திரம் வந்து, குருகுலத்துக்கு வெளியே வாசகர் தோன்றியபின், 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் இவ்வகை முகவரியற்ற மேற்கோள்களின் நடுவே நின்று வழிதேட வேண்டியதாயிற்று. மேற்கோள் விளங்கா மேற்கோளாகவே எஞ்சிய இடங்களும் பல.

ஆனால் அம்முகவரியற்ற மேற்கோள் செய்த பேருதவி ஒன்றுண்டு. தகடூர் யாத்திரையும் வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை. எஞ்சிய செய்யுள்கள் உரைகளிலும் தொகைநூலிலும் எடுத்தாளப்பட்டமையாலேயே எஞ்சின. உரைகாரர் சுட்டவில்லை, படியெடுத்தார். சுட்டப்பட்ட நூல் அழிந்தது, படி நின்றது.

இன்றைய வலைத் தொடுப்பு இதற்கு நேர்மாறானது. முகவரி உண்டு, படி இல்லை. முகவரியோ வாடகைக்கு உரியது. வலைப்பெயரைச் சொந்தமாக வாங்க முடியாது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கவேண்டும். நிலவாடகை பற்றி 'மூலதனம்' மூன்றாம் தொகுதியிற் கூறப்பட்டவற்றைப் படித்தோருக்கு இவ்வுறவு புதிதன்று. வாடகை நின்ற அன்று, அவ்விடத்தைச் சுட்டிய அத்தனை கட்டுரைகளின் ஆதாரமும் நின்றுவிடும். பல்கலைக்கழகத் துறையொன்று தன் தளத்தை மாற்றியமைத்தாலே போதும்.

படியில்லாத முகவரி என்றால் என்ன என்பதை விளக்க ஈழத்து வாசகருக்கு உவமை தேட வேண்டியதில்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளிலே அவ்வேடுகளைச் சுட்டும் அடிக்குறிப்புகள் இன்னும் அச்சில் உள்ளன. அவை வழுவற்ற முகவரிகள், சென்றால் வீடில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும், 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டமும் முதலிலே செய்ய முற்பட்டது படிகளைப் பெருக்குவதைத்தான். அவ்வரிசை சரியானதே. மதுரைத் திட்டக் கோப்புகளின் தலைப்பிலே தட்டெழுதியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் குறிக்கப்பட்டிருப்பதையும் இங்கே கவனிக்கலாம். வெறும்பாடத்திலே உழைப்புக்கு இடம் ஒதுக்கிய அரிய வழக்கம் அது. குறியீட்டு முறைகளுட் பல அதனைத் தம் இலக்கணத்துள் ஏற்கவில்லை.

4

இனி, நங்கூரம் பற்றிய சிக்கல். குறிப்பு பாடத்துக்கு வெளியே தனிக் கோப்பாக நிற்குமாயின், அது பாடத்தின் எவ்விடத்தைப் பற்றியது என்பதை எவ்வாறு சுட்டுவது? எழுத்துக்களை முதலிலிருந்து எண்ணி, இத்தனையாவது எழுத்து முதல் இத்தனையாவது வரை எனச் சுட்டுவது ஒரு வழி. தமிழிலே இது நம்பத்தகாதது. மதுரைத் திட்டத்தின் கோப்புகள் பல தகுதரம் என்ற திஸ்கி முறையிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கியிலே ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே பதியப்படும், ஒருங்குறியிலே பின்னே. கொகரம் முன்னதில் மூன்று அலகு, பின்னதில் இரண்டு. ககர மெய் முன்னதில் ஒன்று, பின்னதில் இரண்டு. மாற்றத்தின் மறுநாளே எண்ணிக்கை யாவும் பிழைத்துவிடும். வெறும்பாடம் அத்துணை வெறுமையானதன்று.

மற்றொரு வழி, குறிக்கப்படும் சொற்களையே எடுத்தெழுதி, அவற்றின் முன்னும் பின்னும் வரும் சில சொற்களையும் சேர்த்துக் கொடுப்பது. 2017 பெப்ரவரியில் உலகளாவிய வலைச் சங்கம் பரிந்துரையாக வெளியிட்ட குறிப்பு மாதிரியிலே இது இடம்பெறுகிறது. முதற்குறிப்பால் சுட்டிய உரைகாரரின் வழியோடு இது ஒத்திருப்பது தெளிவு. இதன் நலன், படியின் ஒரு துணுக்கையாவது குறிப்பு தன்னுடன் சுமந்து செல்வது. இதன் இடர், தமிழ்ப் பாடத்தின் நிலையின்மை. ஒரு பதிப்பு சந்தி பிரித்திருக்கும், மற்றது பிரிக்காதிருக்கும். ஔகாரக் குறியின் இடத்திலே ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டெழுதப்பட்டிருக்கும். கண் வேறுபாடு காணாது, இயந்திரம் காணும். தேடல் தோற்கும்.

எஞ்சுவது அமைப்புவழி முகவரி: நூல், அதிகாரம், நூற்பா அல்லது பாட்டு, அடி. பிளேட்டோவை 1578 இல் ஸ்தெபானுஸ் பதிப்பித்த பக்கங்களால் இன்றும் சுட்டுகின்றனர். நமக்கும் இது இயல்பானது. ஆனால் எண்ணை நடுநிலையானதெனக் கருதுவோர் ஏமாந்துபோவர். திருக்குறளை 1 முதல் 1330 வரை எண்ணுவது இன்று பள்ளி மாணவனும் அறிந்தது. அவ்வரிசை பரிமேலழகர் கொண்ட வரிசை. அதிகாரத்துக்குள் குறள்களை மணக்குடவர் நிறுத்திய முறை வேறு. குறள் எண்ணைத் தொடுப்பாக எழுதும் ஒவ்வொருவரும், பரிமேலழகரை ஏற்காதவர் உட்பட, அவருடைய வைப்புமுறையை மௌனமாக ஏற்றே எழுதுகின்றனர். தொல்காப்பிய நூற்பா எண்ணும் உரைகாரருக்கு உரைகாரர் மாறும். ஒருவர் ஒன்றெனக் கொண்டதை இன்னொருவர் இரண்டாக்கியிருப்பார். அகநானூற்றிலோ எண்ணே உரை. ஒற்றைப்பட்ட எண் யாவும் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல் எனத் தொகுத்தோர் வைத்தமையால், முகவரியைச் சொன்ன மாத்திரத்திலே திணையையும் சொன்னவராகிறோம். அத்திணைக் கோட்பாட்டை மறுக்க விரும்புவோனும் அவ்வெண்ணையே ஆளவேண்டியுள்ளது.

ஆகவே குறியீட்டிலக்கணத்திலே எண் தனித்து நிற்கலாகாது. யாருடைய எண் என்பதும் உடன் நிற்கவேண்டும். 'குறள் 423' என்பதற்குப் பதில் 'குறள்.பரி 423' என எழுதும் சிறு தொல்லைக்கு நாம் உடன்படவேண்டும். இத்தகைய பெயரை வலை முகவரியாக விரித்துக் கொள்ளும் விதியைக் கோப்பின் ஓரிடத்திலே மட்டும் எழுதிவைக்கலாம். 2003 இல் வானியலாளரான கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய ஓர்க் முறையிலே இத்தகைய தொடுப்புச் சுருக்கம் உண்டு. வாடகை நின்று தளம் மறைந்தால் ஒரு வரியை மாற்றினாற் போதும், கட்டுரை முழுவதையும் துருவ வேண்டியதில்லை. பெயர் வேறு, முகவரி வேறு என்ற இப்பாகுபாடு சிறிய விடயமாகத் தோன்றினும், நிலவுடைமையாளனின் தயவிலிருந்து மேற்கோளை மீட்பது இதுவே.

குறிப்பைப் பாடத்துள் வைப்பதா, வெளியே வைப்பதா என்ற வாதம் நெடுநாளையது. 1997 இல் டெட் நெல்சன் உட்பொதிந்த குறிகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1990 இல் டெரோஸ் முதலிய நால்வர், பாடம் என்பது ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய கூறுகளின் ஒழுங்கே என வாதிட்டனர். 1987 இல் தொடங்கிய பாடக் குறியீட்டு முன்முயற்சி பெற்ற அனுபவமோ, கூறுகள் ஒன்றையொன்று ஊடறுக்கும் என்பதைக் காட்டிற்று. தமிழ் யாப்பு பயின்றோருக்கு வகையுளி என்ற ஒரு சொல்லே போதும். சீரின் எல்லை சொல்லின் நடுவே விழுகிறது. சீரை ஒரு குறிக்குள்ளும் சொல்லை ஒரு குறிக்குள்ளும் அடக்க முயன்றால் இரண்டும் வெட்டிக்கொள்ளும். நச்சினார்க்கினியர் மாட்டு என்ற உறுப்பைத் துணைக்கொண்டு பத்துப்பாட்டின் தொலைதூரச் சொற்களை இணைத்துப் பொருள் கண்டபோது, இந்த ஊடறுப்பு உச்சநிலை அடைந்தது. முல்லைப்பாட்டின் பொருளொழுங்கை அவர் சிதைத்துவிட்டதாக மறைமலையடிகள் 1903 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டு பெரிதும் பொருத்தமானதே என்பது என் எண்ணம். ஆனால் அடிகள் அதனை நிறுவ முடிந்தது எதனால்? நச்சினார்க்கினியரின் மாட்டு உரையிலே மட்டும் நின்றது. மூலத்தின் அடியொழுங்கை அது தொடவில்லை. மூலத்தை அவர் தமது கொள்கைப்படி மாற்றியெழுதி ஏட்டிலேற்றியிருப்பாராயின், மறுப்பதற்குச் சான்றே எஞ்சியிராது. மறுப்புக்கு இடம்வைப்பது வெளிநிற்கும் குறிப்பு.

எனினும் வெளிநிற்கும் குறிப்பு தனித்துத் தொலையக்கூடியது. மூலமின்றி உரையும் உரையின்றி மூலமும் ஏட்டுக் காலத்திலே அலைந்ததை நாம் அறிவோம். அதனால் வெளிக்குறிப்பு ஒவ்வொன்றும் மூன்றைச் சுமக்கவேண்டும்: யாருடைய எண் என்பதுடன் கூடிய அமைப்புவழி முகவரி, குறிக்கப்படும் சொற்களின் படி, ஒப்பு, மறுப்பு, மேற்கோள், பாடபேதம் என உறவின் பெயர். எழுதியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் அதே வரியிலே நிற்கலாம். இவை எல்லாம் தமிழ்ச் சொற்களாகவே இருக்கலாம். இயந்திரத்தின் சொல்லெழுத்து வரையறையைத் திருத்துவது நிரலாளர் செய்யவேண்டிய வேலை, நாம் ஆங்கிலப் பெயரிட்டு ஒதுங்கவேண்டிய காரணமன்று.

இதனைச் சோதிக்கத் தக்க பாடம் சொல்லதிகாரம். இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர் ஆகியோர் உரைகளோடு கல்லாடர் உரையில் எஞ்சிய பகுதியும் அதற்கு உண்டு. நூற்பா எண்கள் ஒவ்வா, ஒருவரை ஒருவர் மறுப்பர், மேற்கோள்கள் ஒன்றையொன்று ஊடறுக்கும். கிளவியாக்கத்தின் முதல் பத்து நூற்பாக்களை மட்டும் எடுத்து, மூலம் ஒரு கோப்பாகவும் ஒவ்வோர் உரையும் ஒவ்வொரு கோப்பாகவும், மேற்கூறிய மூன்றையும் சுமந்த குறிகளோடு எழுதிப் பார்த்தால், முறையின் குறைகள் ஐம்பது பக்கத்துக்குள் வெளிப்பட்டுவிடும். அவ்வேலைக்கு வேண்டியது ஒரு சாதாரண கணனியும், ஐந்து உரைகளையும் பக்கத்திலே விரித்து வைத்துப் படிக்கும் இரண்டு மூன்று மாணவருமே.